முலையும் முதுகெலும்பும்

விலங்குலகத்தைப் பிரித்துக் காட்டும் உயிரியல் பாடத்தைப் படிக்காமல் நம்மில் யாரும் பள்ளியைத் தாண்டியிருக்க முடியாது. துளையுடலிகள், குழியுடலிகள், வளைதசைப் புழுக்கள், கணுக்காலிகள், மெல்லுடலிகள், முட்தோலிகள். பிறகு மீன்கள், இருவாழ்விகள், ஊர்வன, பறவைகள். கடைசியாகப் பாலூட்டிகள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சிறப்புப் பண்புகள் என்று ஒரு பட்டியல். மனப்பாடம் செய்தோம், எழுதினோம், மறந்தோம். ஆனால் அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர் நம்மை விடுவதாக இல்லை. திருமணம் பேசும்போதும், வேலைக்கு எடுக்கும்போதும், பிள்ளை பிறந்த மூன்றாம் நாளும் அது நம் முன்னால் வந்து நிற்கிறது.

அந்தப் பெயர்களைத் தமிழாசிரியராக ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன். துளையுடலி, மெல்லுடலி என்பன உடலைச் சொல்கின்றன. முட்தோலி தோலைச் சொல்கிறது. கணுக்காலி காலைச் சொல்கிறது. ஊர்வனவும் பறவையும் செயலால் அமைந்த பெயர்கள். பறக்காத தீக்கோழியும் பென்குயினும் உண்டுதான். ஆனாலும் காக்கையில் சேவலும் பறக்கிறது, பெடையும் பறக்கிறது. பாலூட்டி என்ற பெயர் மட்டும் வேறு. ஒவ்வோர் இனத்திலும் பாதிப் பேர் மட்டும், அதுவும் வாழ்நாளில் ஒரு சிறு காலம் மட்டும் செய்யும் ஒரு வேலையை எடுத்து, மொத்தக் குலத்துக்கும் பெயராக வைத்திருக்கிறது. புலியும் பாலூட்டி, திமிங்கலமும் பாலூட்டி, எதிர்வீட்டு அண்ணனும் பாலூட்டி. அண்ணன் எவருக்கும் பால் ஊட்டியதில்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரை. ஓர் உயிரை எந்த அடையாளத்தால் பிரிப்பது என்பது பிரிப்பவர் செய்யும் தேர்வு. அந்த அடையாளம் ஒரு கட்டத்தில் கடமையாக மாற்றப்படுகிறது. பெண்ணுக்கும் சாதிக்கும் கேடு வருவது அந்த மாற்றத்தில்தான்.

தொண்டூர்க் குன்றின் கேள்வி

உயிர்களைப் பிரித்துப் பார்ப்பது ஐரோப்பியர் கண்டுபிடித்த கலை இல்லை. செஞ்சியை அடுத்த தொண்டூரில் ஒரு பாறைக் குன்று இருக்கிறது. அதில் சமணத் துறவியர் படுத்த கற்படுக்கைகள், பார்சுவநாதர் சிற்பம், தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. கல்வெட்டு ஏறத்தாழ கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கணிப்பு. செஞ்சியின் திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் அமர்ந்திருக்கிறார்கள். தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இந்த வட்டாரத்து மேல்சித்தாமூரில்தான் இருக்கிறது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் இந்தக் குன்றுகளைக் கண்டுகொள்வதில்லை.

அந்தக் கற்படுக்கையில் படுத்தவர்கள் உயிர்களை எண்ணியவர்கள். தொடுவுணர்வு மட்டும் உடையவை செடிகொடிகள். சுவையும் சேர்ந்தால் புழுவும் சங்கும். மணமும் சேர்ந்தால் எறும்பு. பார்வையும் சேர்ந்தால் வண்டு. கேள்வியும் சேர்ந்தால் விலங்கும் மனிதரும். ஏன் எண்ணினார்கள்? எதை மிதிக்கக்கூடாது, எதை உண்ணக்கூடாது, மழைக்காலத்தில் ஏன் ஊர்விட்டு ஊர் நடக்கக்கூடாது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. "இந்த உயிர் எதையெல்லாம் உணரும்?" என்பதே அவர்களுடைய கேள்வி. வலியின் கணக்கு அது.

அவர்கள் கணக்கில் பிழை உண்டு. நத்தைக்குக் கண் இருக்கிறது, மோப்பமும் இருக்கிறது. எறும்புக்கும் கண் உண்டு. கறையான் கூட்டத்தில் வேலை செய்பவை பெரும்பாலும் குருடு என்பதால், அங்கே மட்டும் கணக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது. விடை பிழையாக இருந்தாலும் கேள்வி நேர்மையானது. பிரிப்பவர் தன் நடத்தையைக் கட்டுப்படுத்திக்கொள்ளவே பிரித்தார். பிரிக்கப்பட்ட புழுவுக்கு அவர் எந்த வேலையும் ஒதுக்கவில்லை.

அந்த நேர்மை பெண்ணிடம் வரும்போது நின்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ச் சமணர் திகம்பர மரபினர். பெண்ணுடலில் இருந்தபடி வீடுபேறு அடைய முடியாது, ஆணாகப் பிறந்து வந்தாக வேண்டும் என்பது திகம்பரர் கொள்கை. எறும்பின் வலியை எண்ணிப் பார்த்தவர்கள் பெண்ணின் முடிவை அவள் உடலில் எழுதினார்கள். ஆனால் இதே வடதமிழகத்தில், வந்தவாசிப் பக்கம் வேடலில், 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கனகவீரக் குரத்தியார் என்ற பெண் ஆசிரியரையும் அவருடைய மாணாக்கர் 500 பேரையும் ஊரார் காத்து உணவளிக்க ஒப்புக்கொண்டதைச் சொல்கிறது. கொள்கை ஒரு பக்கம் இருக்க, அவர் 500 பேருக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

ஒரே இயலில் விலங்கும் வருணமும்

தொல்காப்பிய மரபியல் இதே எண்ணிக்கையைத்தான் வைத்திருக்கிறது. ஓரறிவில் புல்லும் மரமும், ஈரறிவில் நந்தும் முரளும், மூவறிவில் சிதலும் எறும்பும், நாலறிவில் நண்டும் தும்பியும், ஐயறிவில் விலங்குகள், ஆறாவதாக மனம் உடைய மக்கள். இந்த ஒற்றுமையைக் கொண்டே தொல்காப்பியர் சமணராக இருக்க வேண்டும் என்று வையாபுரிப்பிள்ளை வாதிட்டார். நண்டையும் தும்பியையும் ஒன்றாக வைத்த கண்ணை இன்றைய உயிரியலும் பாராட்டும். இரண்டும் கணுக்காலிகள்தாம்.

தமிழ் மேடைகளில் இந்த அறிவியல் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பெருமை பேசுகிறவர்கள் அதே இயலைத் தொடர்ந்து படிப்பதில்லை. விலங்குகளின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றைச் சொல்லும் அதே மரபியல், அந்தணருக்கு நூலும் கரகமும் முக்கோலும் உரியவை என்கிறது. அரசருக்கு உரியவை இவை, வணிகருக்கு உரியது இது என்று தொடர்கிறது. வேளாண் மாந்தருக்கு உழுது உண்பதைத் தவிர வேறு வாழ்வில்லை என்கிறது. பிறகு மீண்டும் புல்லுக்கும் மரத்துக்கும் போகிறது. அந்தப் பகுதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். சேர்த்தவர் சேர்ப்பதற்கு இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்? யானையின் பெண்பால் பிடி என்ற உண்மைக்குப் பக்கத்தில் வைத்தால், உழவனுக்கு உழவைத் தவிர வேறில்லை என்பதும் இயற்கையைப் போலத் தோன்றும். அந்தத் தோற்றத்துக்காகத்தான்.

கேள்வி இங்கே மாறிவிட்டது. இந்த உயிர் எதை உணரும் என்பது போய், இந்த உயிர் எதைச் செய்ய வேண்டும் என்பது வந்து உட்கார்ந்தது.

பெண்ணுக்கு நடந்தது இதைவிட நுட்பமானது. மரபியல் மக்கள் அனைவருக்கும் ஆறாவது அறிவாக மனத்தைக் கொடுத்தது. பெண்ணை விலக்கவில்லை. ஆனால் களவியலுக்குப் போங்கள். பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம். ஆணுக்குப் பெருமையும் உரனும். மடம் என்றால் என்ன? சொல்லிக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு அதை விடாமல் இருப்பது என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். உரன் என்பது அறிவின் வலிமை. ஓர் இயலில் கொடுத்த ஆறாவது அறிவை இன்னோர் இயலில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தொல்காப்பியத்தில் மூன்றாக இருந்ததைப் பிற்காலத்தார் பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கினார்கள். இந்தக் கணக்கில் எண்ணிக்கை ஒருபோதும் குறைந்ததில்லை.

1758ஆம் ஆண்டின் ஒரு பெயர்

இப்போது சுவீடனுக்குப் போவோம். உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1758இல் தன் நூலின் பத்தாம் பதிப்பில் ஒரு புதுச்சொல்லைக் கொண்டுவந்தார். அதுவரை நாற்கால் விலங்குகள் என்று இருந்த வகுப்புக்கு மம்மாலியா என்று பெயரிட்டார். மம்மா என்றால் இலத்தீனில் முலை. மம்மாலியா என்றால் முலையுடையவை. திமிங்கலத்தை மீன்களிலிருந்து பிரித்து நம்மோடு சேர்த்தது இந்தப் பதிப்புதான். அந்த வகையில் அது நல்ல அறிவியல்.

ஆனால் இந்த வகுப்பைப் பிரித்துக் காட்டும் பண்பு முலை ஒன்றுதானா? உடலில் மயிர் உண்டு. திமிங்கலத்துக்கும் சில மயிர்கள் உண்டு. நடுச்செவியில் மூன்று எலும்புகள் உண்டு, அவற்றில் இரண்டு நம் பழைய மூதாதையரின் தாடையிலிருந்து வந்தவை என்பது பின்னால் தெரிந்தது. கீழ்த்தாடை ஒரு பக்கத்துக்கு ஒரே எலும்பால் ஆனது. இவையெல்லாம் ஆண், பெண், குட்டி எல்லாரிடமும் வாழ்நாள் முழுதும் இருப்பவை. மயிருடையவை என்றோ செவியெலும்பிகள் என்றோ நம்மை அழைத்திருக்கலாம். முலையோ, ஆண் குதிரைக்குக் காம்பே கிடையாது. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையிடுகிறது. அதன் பெண்ணுக்கும் காம்பு கிடையாது, பால் தோலிலிருந்து கசிகிறது, குஞ்சு நக்கிக் குடிக்கிறது. ஆனாலும் அதுவும் இந்த வகுப்புதான்.

பிறகு ஏன் முலை? அறிவியல் வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர் 1993இல் இந்தக் கேள்வியைக் கேட்டு விடையும் தேடினார். லின்னேயஸ் மருத்துவர், ஏழு பிள்ளைகளின் தகப்பன். 1752இல் செவிலித்தாயிடம் பிள்ளையைக் கொடுத்துப் பாலூட்டும் வழக்கத்தை எதிர்த்து எழுதியவர். பெண்கள் வீட்டுக்குத் திரும்பி, தங்கள் பிள்ளைக்குத் தாங்களே பாலூட்ட வேண்டும் என்று ஐரோப்பாவில் ஆண்கள் உரக்கப் பேசிய காலம் அது. அந்தக் காலத்தின் ஆசை ஒரு வகுப்பின் பெயராகிவிட்டது என்கிறார் ஷீபிங்கர்.

அதே 1758ஆம் பதிப்பில்தான் மனிதருக்கு ஹோமோ சேப்பியன்ஸ், அறிவுடைய மனிதர், என்ற பெயரும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம்மை விலங்குகளோடு இணைக்கப் பெண்ணின் உறுப்பு எடுக்கப்பட்டது. விலங்குகளிடமிருந்து பிரிக்க அறிவு எடுக்கப்பட்டது. அந்த அறிவு யாருடையது என்று அந்தக் காலத்தில் எவரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். நம் களவியல் சொன்ன மடத்தையும் உரனையும் போல, அங்கே முலையும் அறிவும்.

அந்த நூல் மனிதரையும் நான்கு வகையாகப் பிரித்தது. ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுபவர்கள், ஆசியராகிய நாம் அபிப்பிராயத்தால் ஆளப்படுபவர்கள், ஆப்பிரிக்கர் மனம்போன போக்கால் ஆளப்படுபவர்கள். நான்கு வகையில் ஆப்பிரிக்கர் பகுதியில் மட்டும் பெண்ணின் முலையும் பிறப்புறுப்பும் தனியாகக் குறிக்கப்பட்டன. மரபியலைப் போலவே இதுவும் விலங்கைப் பட்டியலிட்டுக்கொண்டு வந்து, அதே மூச்சில் மனிதரைத் தரம் பிரித்தது. இதன் விலையைக் கொடுத்தவர் சாரா பார்ட்மன். தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்டு லண்டனிலும் பாரிசிலும் காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்ட பெண். 1815இல் இறந்தார். விலங்குலகத்தை நான்கு பெரும் பிரிவுகளாக வகுத்துப் புகழ்பெற்ற குவியே அவர் உடலை அறுத்தார். எலும்புக்கூடும் உறுப்புகளும் 1970கள்வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு இருந்தன. அவர் எச்சங்கள் தாய்மண்ணுக்குத் திரும்பியது 2002இல்.

முலையிலிருந்து ஊட்டுதலுக்கு

லின்னேயஸ் உறுப்பின் பெயரைச் சொன்னார். தமிழ்ப் பாடநூல் வேலையின் பெயரைச் சொல்கிறது. முலையுடையவை என்றாலாவது பெரும்பாலான ஆண்களும் உள்ளே வருவார்கள், காம்பு அவர்களுக்கும் இருக்கிறது. பாலூட்டி என்றதும் அவர்கள் வெளியேறிவிட்டார்கள். மிஞ்சியது நாம், நம் கடமை. ஊட்டு என்பது பிறவினை. உண்பதில்லை, உண்ணச் செய்வது. ஒரு வகுப்பின் பெயரிலேயே இன்னொருவருக்காகச் செய்யும் வேலை இலக்கணமாக ஏறிவிட்டது.

உறுப்பின் பெயர் நம் மொழியில் படும் பாடு தெரிந்ததே. 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு முலைகள் என்று பெயர் வைத்தபோது எழுந்த கூச்சலை இன்னும் மறக்கவில்லை. சங்கப் பாடல்களில் வெகு இயல்பாக வரும் சொல், ஒரு பெண் தன் உடலைப் பற்றித் தானே சொன்னதும் ஆபாசமானது. ஊட்டினால் தெய்வம், பெயர் சொன்னால் வசை.

இதில் இன்னொரு வேடிக்கை. தாய்மையின் பெருமை பேச நம் இலக்கியத்தை அழைப்பவர்கள் செவிலியை மறந்துவிடுகிறார்கள். அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவியின் மனம் அறிந்தவள் செவிலியின் மகளான தோழி. பெறுவது வேறு, பாலூட்டி வளர்ப்பது வேறு, இரண்டையும் இரண்டு பெண்கள் செய்யலாம் என்பதைத் தமிழ் தெளிவாக அறிந்திருந்தது. செவிலி தன் பாலை யார் பிள்ளைக்குக் கொடுத்தாள், அப்போது தன் பிள்ளைக்கு என்ன கொடுத்தாள் என்று அந்தப் பாடல்கள் கேட்கவில்லை. அதை நாம் கேட்க வேண்டும். பாலூட்டுவது உழைப்பு என்பதற்கு அவள்தான் முதல் சாட்சி.

தாய்ப்பால் நல்லது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது, சரி. அந்த ஆறு மாதம் அவள் என்ன சாப்பிடுவாள் என்பதே என் கேள்வி. 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு தருகிறது, 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்கிறது. செஞ்சி வட்டாரத்தில் நாற்று நடுகிற, மல்லாட்டை பிடுங்குகிற, செங்கல் சுமக்கிற பெண்ணுக்கு எந்த முதலாளி அந்த 26 வாரத்தைக் கொடுப்பார்? அவளுக்கு அரசு தருவது முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி. ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய். கர்ப்ப காலத்தைக் கணக்கில் எடுக்காமல் ஆறு மாதத்துக்கு மட்டும் வகுத்தாலும் நாளுக்கு 100 ரூபாய். வரப்பில் தூளி கட்டி, மார்பு கட்டிக்கொண்டு வலிக்க வலிக்கக் களை பறிப்பவளை ஒரு குலத்துக்கே பெயர்க்காரணம் ஆக்கிவிட்டோம். கூலி மட்டும் கொடுக்க மாட்டோம். பெயர் கொடுத்தது கூலிக்குப் பதிலாகத்தான் என்று சந்தேகப்படுகிறேன்.

இல்லாததால் பெயர் பெற்றவர்கள்

உயிரியலில் இன்னொரு பெரிய பிரிவு முதுகெலும்பு உள்ளவை, முதுகெலும்பற்றவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாமார்க் பரப்பிய பிரிவு இது. உலகில் அறியப்பட்ட விலங்கினங்களில் மிகப் பெரும்பான்மை முதுகெலும்பற்றவை. வண்டு, நத்தை, நண்டு, மண்புழு, ஆக்டோபஸ் எல்லாம் அதில் அடக்கம். இவற்றுக்கிடையே பொதுவான பண்பு என்று ஒன்றைக் காட்டுவது கடினம். நம்மிடம் இருப்பது அவற்றிடம் இல்லை, அவ்வளவுதான். ஆக்டோபஸ் ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்களோடு மூடியைத் திறந்து தப்பிக்கிறது. மண்ணைப் புரட்டி வளமாக்குகிறது மண்புழு. ஆனாலும் பெயர் அற்றவை. சிறுபான்மை தன்னை அளவுகோலாக வைத்துப் பெரும்பான்மையை இல்லாமையால் அழைத்தது.

இந்த முறை நமக்குப் பழக்கமானது. பிள்ளை இல்லாதவள் மலடி. கணவன் இல்லாதவள் கைம்பெண். கணவன் வீட்டில் இல்லாதவள் வாழாவெட்டி. இவற்றுக்கு ஆண்பால் என்ன என்று வகுப்பில் கேட்டால் மாணவியர் யோசிப்பார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு சிரிப்பு நிற்கும். பெண்ணே குறைபட்ட ஆண் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். விலங்குகளை இரத்தம் உள்ளவை, இரத்தம் அற்றவை என்று பிரித்தவரும் அவரே. ஒரே மனம், ஒரே முறை.

விலங்குப் பெயர்கள் நம்மிடம் வந்து சேரும் விதமும் இப்படித்தான். ஆணுக்குக் காளை, சிங்கம். பெண்ணுக்குப் பெட்டை. ஈழத் தமிழில் பெட்டை என்றால் வெறுமனே சிறுமி. நம் பக்கத்தில் அது பொட்டையாகி, பெண்ணையும் திருநங்கையையும் மென்மையான ஆணையும் ஒரே சொல்லில் அடிக்கிறது. பொட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்பார்கள். சேவல் கூவியும் பொழுது விடிவதில்லை. செஞ்சியில் தேசிங்கு ராஜன் கதை கேட்டவர்களுக்கு அவன் குதிரை பாராசாரியின் பெயர் தெரியும். 1714இல் அவன் போரில் இறந்தபின் உடன்கட்டை ஏறியதாகச் சொல்லப்படும் மனைவியின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். ராணி என்பார்கள், அதற்குமேல் வராது.

பேச்சிலும் கவனியுங்கள். அப்பா வந்தாரு, மாமா சொன்னாரு. ஆனால் அக்கா வந்துச்சு, அம்மா சொல்லுச்சு. அன்போடு சொல்வதுதான், தெரியும். தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் இலக்கணத்திலேயே ஒரே வினைமுடிவு. தமிழ் இலக்கணம் பெண்ணை உயர்திணையில் வைத்தது, தமிழ் வாய் அவளை அஃறிணையோடு சேர்த்து உட்கார வைத்தது.

1859

இந்த ஆண்டை மனத்தில் வையுங்கள். அதுவரை தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், முலை ஒரு சாதி அடையாளமாக இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியக்கூடாது. அணிந்தவர்களின் ஆடை கிழிக்கப்பட்டது, அடிக்கப்பட்டார்கள். பல பத்தாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலையில் அரசர் அறிவிப்பு வந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது. வகைப்பாட்டை விட மனமில்லாமல் அவிழ்த்த முடிச்சு அது.

அதே 1859 நவம்பரில் லண்டனில் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் வெளிவந்தது. அந்த நூலுக்குப் பின் வகைப்பாட்டின் பொருளே மாறியது. ஒரு குழு என்பது ஒரே அடையாளம் உடையவர்களின் கூட்டம் இல்லை, ஒரே மூதாதையின் வழிவந்தவர்களின் கூட்டம். பாம்புக்குக் கால் இல்லை, ஆனாலும் அது நாற்கால் உயிர்களின் குலம். பறவைகள் டைனோசரின் வழித்தோன்றல்கள், ஆகவே ஊர்வனவிலிருந்து அவற்றைத் தனியே பிரித்து வைப்பது பரம்பரைக் கணக்கில் நிற்காது. நுரையீரல் மீனுக்குச் சுறாவைவிட நாம் நெருங்கிய உறவு. பிளாட்டிபஸ் முட்டையிட்டாலும் நம் குலத்தில் இருப்பது இதனால்தான். அடையாளம் என்பது உறவைக் கண்டுபிடிக்கும் தடயம் மட்டுமே. அதை இழந்தாலும் உறவு போகாது.

பெண்ணுக்கு இதைவிடப் பெரிய விடுதலைச் செய்தி அறிவியலில் இல்லை. கருப்பை எடுக்கப்பட்டவளும், மார்பகம் அறுக்கப்பட்டவளும், பெறாதவளும், பெற மறுத்தவளும், பால் சுரக்காதவளும், ஆணுடலில் பிறந்து பெண்ணாக வாழ்கிறவளும் யாரிடமும் எந்த உறுப்பையும் சாட்சியாகக் காட்டத் தேவையில்லை. ஆனால் டார்வினே இதை முழுதாகக் கேட்கவில்லை. 1871இல் மனிதரின் தோற்றம் பற்றி எழுதியபோது ஆணின் அறிவே மேம்பட்டது என்று எழுதினார். அமெரிக்காவின் அந்துவானெத் பிரவுன் பிளாக்வெல் 1875இல் ஒரு நூலாகவே மறுப்பு எழுதினார். ஆண்கள் தங்கள் கண்ணால் பார்த்த இயற்கையைப் பெண் தன் கண்ணால் மீண்டும் பார்க்க வேண்டும் என்பதே அவர் வாதம்.

விலங்கிடம் சாட்சி கேட்க வேண்டாம்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடற்குதிரையில் ஆண்தான் குஞ்சுகளைப் பையில் சுமக்கிறது. தேன்கூட்டில் உழைப்பவை எல்லாம் பெண். அந்தக் கூட்டுக்குத் தலைமை ராஜா என்றே ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். நம் பூந்தொட்டி மண்ணில் மண்புழுபோல நெளியும் சிறு புழுப்பாம்பில் ஆணே இல்லை, பெண்கள் தாமாகவே பெருகுகின்றன. இவற்றைச் சொல்லி, பாருங்கள், இயற்கை நம் பக்கம் என்று கைதட்டத் தோன்றும். வேண்டாம். கடற்குதிரையை நாம் சாட்சிக்கு அழைத்தால், அவர்கள் சிங்கத்தை அழைத்து வருவார்கள். குட்டிகளைக் கொல்லும் ஆண் சிங்கத்திடமிருந்து நாம் அறம் கற்கவில்லையே. கடற்குதிரையிடமும் கற்க வேண்டியதில்லை. விலங்குகள் நமக்குப் பாடம் நடத்த வரவில்லை. அவை தம் வாழ்க்கையை வாழ்கின்றன.

ஆகவே மாணவியருக்குச் சொல்வது இவ்வளவுதான். பட்டியல் எதுவாக இருந்தாலும், உயிரியலில் இருந்தாலும், இலக்கணத்தில் இருந்தாலும், மணமகள் தேவை விளம்பரத்தில் இருந்தாலும், அது எந்தக் கேள்விக்கு விடை என்று பாருங்கள். இந்த உயிர் எதை உணரும் என்று கேட்டால், கேட்கிறவர் தன்னைத் திருத்திக்கொள்ளப் போகிறார், இருந்து பேசலாம். இந்த உயிரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், எண்ணியது சரிதானா, யார் எண்ணியது என்று சரிபாருங்கள். இந்த உயிர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், அது உயிரியலும் இல்லை, இலக்கணமும் இல்லை. அது வேலை ஏவுவது. அதற்குக் கூலி கேளுங்கள், அல்லது மறுத்துவிடுங்கள்.

தேர்வில் பாலூட்டிகளின் பண்புகளை எழுதச் சொன்னால் மயிர், மூன்று செவியெலும்புகள், ஒற்றைத் தாடையெலும்பு, பால்சுரப்பி என்று அந்த வரிசையில் எழுதுங்கள். எல்லாமே சரியான விடைகள்தாம், மதிப்பெண் குறைக்க முடியாது. வரிசையை ஏன் மாற்றினாய் என்று ஆசிரியர் கேட்டால், முன்பிருந்த வரிசையைப் போட்டது யார் என்று கேளுங்கள்.